புது டர்போ மாட்டிய பிறகும் நீலப் புகை ஏன்?

கேள்வி: என் லாரியின் பழைய டர்போவில் (வெளியேறும் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) ஷாஃப்ட் உடைந்ததால், வெளிச்சந்தையில் வேறொரு டர்போ வாங்கிப் பொருத்தினோம். இரண்டு வாரம் கழித்து, வண்டி ஐடிலில் நிற்கும்போது நீலப் புகை வருகிறது. டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் ஆயில் தெரிகிறது. டர்போ மறுபடி போய்விட்டது என்கிறார் மெக்கானிக். இன்னொன்று வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்க வேண்டாம். எஞ்சின் ஆறிய பிறகு, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தின் நுனியை இரு விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றுவதால் மேலும் கீழுமாகச் சிறிது ஆடுவது இயல்புதான். ஆனால் இறக்கைகள் சுவரில் உரசக் கூடாது, உள்ளே தள்ளி வெளியே இழுத்தால் ஆட்டம் கையில் தெளிவாகத் தெரியவும் கூடாது. இவ்விரண்டும் சரியாக இருந்தால், பெரும்பாலும் குறை வேறிடத்தில் இருக்கிறது.

டர்போவுக்குள் ரப்பர் சீல் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே இருப்பது பிஸ்டன் ரிங்கைப் போன்ற மெல்லிய உலோக வளையம். வளையத்தின் மறுபுறத்துக் காற்றழுத்தமும், ஆயில் தங்காமல் கீழே வடிந்துவிடுவதும் சேர்ந்துதான் கசிவைத் தடுக்கின்றன. ஆயில் அழுத்தத்தோடு உள்ளே வருகிறது, வெளியேறுவதோ தன் எடையால் மட்டுமே. ஆகவே திரும்பும் குழாயில் சிறு தடை இருந்தாலும் ஆயில் தேங்கி, வளையத்தைத் தாண்டி ஹோஸுக்கும் சைலன்சருக்கும் போய்விடும். என் முதல் சந்தேகம் அந்தக் குழாயின் மீதுதான். வெளிச்சந்தை டர்போவின் நடுப்பகுதி பழையதன் கோணத்திலேயே அமைந்திருக்கும் என்று சொல்ல முடியாது; அதைத் தளர்த்தித் திருப்பி, ஆயில் வாய் நேர்கீழே பார்க்கும்படி வைக்காமல் குழாயை வளைத்து மாட்டியிருந்தால், மேற்சொன்ன கோளாறே வரும். கேஸ்கெட்டோடு தடவிய பசை உள்ளே பிதுங்கி வழியை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது பிரீத்தர், அதாவது எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றும் வழி. அது அடைத்திருந்தாலோ, பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தாலோ, கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி ஆயில் வடிவதைத் தடுக்கும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்ததும் புகை வேகமாகப் பீறிட்டால் காரணம் இதுவே. அடைத்துப்போன ஏர் ஃபில்டரும் கம்ப்ரஸர் பக்கம் ஆயிலை உறிஞ்ச வைக்கும்.

பழைய டர்போ உடைந்தபோது இன்டர்கூலரைக் கழுவினீர்களா? கழுவவில்லையென்றால் அதில் தங்கிய ஆயிலே புகையாக வரக்கூடும். உலோகத் துணுக்குகள் இருந்தால் எஞ்சினுக்கே ஆபத்து.

கேள்வி: டர்போ மாற்றிய பின் ஏற்றத்தில் பிக்கப் இல்லை, கரும்புகையும் சீறும் சத்தமும் இருக்கின்றன. டீசலைக் கூட்டி வைக்கலாமா?

பதில்: கூடாது. கரும்புகை என்றால் டீசலுக்கேற்ற காற்று இல்லை என்று பொருள். டீசலைக் கூட்டினால் வெளியேறும் புகையின் வெப்பம் மேலும் ஏறி டர்போவில் புகையால் சுழலும் சக்கரமான டர்பைனைக் கெடுக்கும். சத்தத்தோடு வருவதால், டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையே எங்கோ காற்று கசிகிறது. ஒவ்வொரு கிளாம்பையும் சோதியுங்கள். ஹோஸின் அடிப்புற வெடிப்பு கண்ணுக்கு எளிதில் படாது, ஆனால் அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கும்.

கேள்வி: புது டர்போ மாட்டியதும் முதல் ஸ்டார்ட்டை எப்படிச் செய்வது?

பதில்: ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது, சில விநாடி ஆயில் இல்லாவிட்டாலும் பேரிங் காயப்படும். ஆயில் நுழையும் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிறகு டீசலை நிறுத்தி, ஆயில் அழுத்தம் ஏறும்வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரை இயக்குங்கள். அதன் பின்னரே ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சில நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள்.