புளி போட்டுத் தேய்க்காதீர்கள்: பழங்காசு கேள்வி பதில்

கேள்வி (திருவையாறு): வயலை உழும்போது செப்புக்காசு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் ஆள் நிற்பதுபோல், மறுபக்கம் உட்கார்ந்திருப்பதுபோல் குச்சி குச்சியாகக் கோடுகள். ஓரத்தில் ஒரு வெட்டு. தமிழ் எழுத்தே இல்லை. எந்தக் காலத்துக் காசு ஐயா?

பதில்: தமிழ் எழுத்தைத் தேடாதீர்கள். உட்கார்ந்திருப்பவரின் இடக்கைக்குக் கீழே பாருங்கள். அங்கே இந்தி எழுத்தைப் போன்ற நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று இருந்தால் முதலாம் இராஜராஜன் (985–1014) காசு. பெரிய கோயில் சுவரெல்லாம் தமிழில் வெட்டிவைத்தவர் காசில் நாகரியைப் போட்டது எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் உருவத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிட வேண்டாம். பராக்கிரமபாகு, அரசி லீலாவதி போன்ற ஈழத்து ஆட்சியாளர்களும் பின்னாளில் இதே மாதிரியில் தங்கள் பெயரைப் பொறித்துக் காசு அடித்தார்கள். பெயரைப் படித்தால்தான் ஆள் தெரியும். காசைவிட அச்சு பெரிதாக இருந்தால் பாதி எழுத்து வெளியே போயிருக்கும். அது சேதம் அன்று.

வெட்டை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். உள்ளே செம்பு சிவந்து மின்னினால் அது உங்கள் கலப்பையின் கைவரிசை. உள்ளேயும் களிம்பு ஏறியிருந்தால் பழைய வெட்டு. ஒன்று கிடைத்த இடத்தில் குடமே கிடைக்கலாம். மண்ணில் புதைந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

கேள்வி (தரங்கம்பாடி): கடலோரத்தில் கிடைத்த பொடிக்காசில் ஒரு கிரீடம், அதன் கீழ் ‘சி’ என்ற ஆங்கில எழுத்துக்குள் 7. டச்சுக் காசா?

பதில்: இல்லை, உங்கள் ஊர்க்காசுதான். 1620 முதல் 1845 வரை அங்கே டேனிஷ்காரர்கள் இருந்தார்கள். அது அவர்கள் மன்னர் ஏழாம் கிறிஸ்டியன் (1766–1808) பெயரின் சுருக்கம். டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தில் இருந்தார்கள். உப்பு மண்ணில் கிடந்த காசு என்பதால் ஒன்று சொல்கிறேன்: வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது காசை அரிக்கும் நோய். ஈரம் படாமல் தனி டப்பாவில் வையுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): பாட்டியின் விக்டோரியா ரூபாயில் ராணியின் கன்னத்தில் சின்னச் சின்னக் குத்துகள், உச்சியில் ஈயம்போல் ஒரு கட்டி.

பதில்: குத்துகள் வெள்ளி அசலா என்று சோதித்த, பணம் மாற்றும் சராப்புகளின் அடையாளம். கட்டி, காசுமாலைக்கு வளையம் பற்றவைத்த இடம். சேகரிப்பவர் விலையைக் குறைப்பார். பாட்டி கழுத்தில் கிடந்ததென்றால் விற்பானேன்?

கேள்வி (மன்னார்குடி): 1944ஆம் ஆண்டுக் காசு, நடுவில் பெரிய துளை. யார் போட்டது?

பதில்: சர்க்கார்தான். போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டில் 1943 முதல் வந்த ஓட்டைக் காலணா.

கேள்வி (பட்டுக்கோட்டை): இராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு அரிசியை இழுக்கும் என்று சொல்லி ஒருவர் முன்பணம் கேட்கிறார்.

பதில்: கம்பெனி அப்படியொரு காசை அடிக்கவே இல்லை. செம்பு அரிசியை இழுக்காது. ‘ரைஸ் புல்லிங்’ என்னும் இந்த மோசடி பணத்தைத்தான் இழுக்கும். நேராகப் போலீசுக்குப் போங்கள்.

கேள்வி (திருவாரூர்): புளி போட்டுத் தேய்த்தால் எழுத்துத் தெரியுமா?

பதில்: பத்து வயதில் பரணில் கிடந்த காசொன்றைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. அது யார் காசு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.