பதில்: கோவை மாநாட்டு விருந்தினர்களுக்கு ஒருநாள் பண்ணைச் சுற்றுலா

குன்னூர் தேயிலை ஆலை, பொள்ளாச்சித் தென்னந்தோப்பு, நாமக்கல் கோழிப்பண்ணை மூன்றையும் ஒரே நாளில் 35 பேருக்குக் காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. மூன்றும் மூன்று திசை, நாள் முழுக்கப் பேருந்திலேயே போய்விடும்.

முதலில் கோழிப்பண்ணையை விட்டுவிடுங்கள். நோய் பரவும் பயத்தில் பெரிய பண்ணைகள் வெளியாட்களை உள்ளே விடத் தயங்கும்.

குன்னூர் என்றால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். மலைப்பாதையில் தலைசுற்றல் வேறு. அப்புறம், ஞாயிறு கொழுந்து பறிக்காத இடங்களில் திங்கள் காலை ஆலை ஓடாமல் இருக்கலாம். உங்கள் சுற்றுலா திங்களன்று என்பதால் கேட்டு உறுதி செய்யாமல் போகாதீர்கள்.

என் ஓட்டு பொள்ளாச்சி, உடுமலை பக்கத்துக்கே. சமதளப் பாதை. காலையில் வெல்லம் காய்ச்சும் இடம்: சாறு பிழிந்த சக்கையையே காயவைத்து அடுப்பெரிப்பதையும், பாகைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பதையும் காட்டினால் போதும், கேள்விகள் தானாக வரும். அடுப்பு எந்த நாளில் எரியும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பிறகு தோப்பில் இளநீர், மதியம் வாழை இலைச் சாப்பாடு. கயிறு ஆலைக்குப் போனால் தூசு பறக்கும், முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா போகிறவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: பண்ணைக்குப் போனதை அந்த நாட்டில் இறங்கும் விமான நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். அதனால் திரும்பியதும் செருப்பு, ஷூவில் ஒட்டிய மண்ணைக் கழுவ விடுதியில் ஒரு வாளியும் பிரஷும் வைக்கச் சொல்லுங்கள்.