கைப்பக்குவத்தை நோட்டில் ஏற்றுவது எப்படி?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவின் சமையல் நோட்டு இரண்டு இருக்கிறது, பாதிப் பக்கம் எண்ணெய்க் கறை. பத்திரிகையில் கிழித்து வைத்தது ஒரு பை நிறைய. போனில் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் வந்தது என்று கணக்கில்லாமல் கிடக்கிறது. மாமியாருக்கு வயதாகிவிட்டது, அவர் எதையும் எழுதி வைத்ததில்லை. வேண்டிய நேரத்தில் ஒன்றும் கைக்குக் கிடைப்பதில்லை. எல்லாவற்றையும் போனில் ஏற்றிவிடலாமா, புது நோட்டில் எழுதலாமா? எப்படிப் பிரிப்பது? பிற்பாடு என் மகளுக்கும் பயன்பட வேண்டும்."

பிரிக்கும் வேலையை இப்போது தொடாதீர்கள். நோட்டும் தாளும் இன்னும் ஆறு மாதம் அதே பையில் கிடக்கலாம், ஒன்றும் ஆகாது. மாமியாருக்குத் தெரிந்தது மட்டும்தான் எங்கேயும் எழுதப்படாமல் இருக்கிறது, அதனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதிலும் முதலில் கேட்க வேண்டியது குழம்புத் தூள் கணக்கு. மிளகாய் எவ்வளவு, மல்லி எவ்வளவு, கூட என்னென்ன, எதை வறுக்கிறார், எதை வெயிலில் காயவைத்து அப்படியே மிஷினுக்குக் கொடுக்கிறார், மிளகாய் குண்டா நீட்டா. வீட்டில் தினமும் வைக்கிற பாதிக் குழம்பின் ருசி அந்த ஒரு தூளில் இருக்கிறது, அது தவறிப்போனால் மற்ற குறிப்புகள் அத்தனையும் இருந்தும் ருசி வராது. அடுத்தது ஊறுகாய், வடகம் மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் போடுபவை. இவற்றில் கை தவறினால் பொருளும் போய்விடும், மறுபடி முயற்சி செய்ய ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். ஊறுகாய்க் குறிப்பில் "மாங்காய்" என்று மட்டும் எழுதாதீர்கள். நம் பக்கம் காய் பலவிதம், பெங்களூராவில் போட்டதற்கும் நாட்டுக்காயில் போட்டதற்கும் உப்பும் காரமும் ஒன்றாக இருக்காது. எந்தக் காய், எந்த மாதம், எத்தனை நாள் கெடாமல் இருந்தது, மூன்றும் வேண்டும்.

சரி, "எவ்வளவு உப்பு" என்று கேட்டால் "போடுற அளவுதான்" என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருடைய அளவு கையில் இருக்கிறது. அதனால் கேட்காமல் எடை போடுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சின்ன சமையலறைத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அவர் சமைக்க ஆரம்பிக்கும் முன் மாவு டப்பா, உப்பு ஜாடி, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் மூடியோடு எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சமைத்து முடித்தபின் மறுபடி எடை போடுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் அவருடைய அளவு. நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டாம், நிறுத்தினால் கை தடுமாறி அளவு மாறும். அதே பதார்த்தத்தை வேறொரு நாளும் இப்படிப் பார்த்துவிட்டால், எந்த அளவு அசையாமல் நிற்கிறது, எது அன்றைய நிலவரத்துக்கு மாறுகிறது என்று தெரிந்துவிடும்.

புளி அப்படி மாறுகிற பொருள். எலுமிச்சை அளவு என்று எல்லாரும் எழுதுகிறோம், ஆனால் மாசி, பங்குனியில் வரும் புதுப்புளிக்கும் ஒரு வருஷம் பானையில் இருந்த பழம்புளிக்கும் புளிப்பு வேறு, நிறமும் வேறு. கிராமோடு புதுசா பழசா என்பதையும் எழுதுங்கள். உப்பும் அப்படியே, பழைய குறிப்பில் "ஒரு கரண்டி உப்பு" என்றால் பெரும்பாலும் கல்லுப்பு. அதே கரண்டியில் தூளுப்பைப் போட்டால் கரித்துப் போகும். பிதுக்கம் பருப்பு (தோல் பிதுக்கிய அவரைக்கொட்டை) போடும் மார்கழி, தையில் கொட்டையாக எவ்வளவு, ஊறவைத்துப் பிதுக்கியபின் எவ்வளவு என்று இரண்டு எடையும் வேண்டும், இல்லையென்றால் பின்னால் படிப்பவர் எது எதுவென்று திணறுவார்.

நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். விறகடுப்பில் கிண்டிய களிக்கும் கேஸில் கிண்டும் களிக்கும் நிமிஷம் ஒத்து வராது. கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது என்று அவர் சொல்வாரே, அந்த அடையாளத்தை அவர் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள். எந்தப் பாத்திரம், எத்தனை பேருக்கு என்பதும் விட்டுப்போகக் கூடாது.

இனி அம்மாவின் நோட்டு. அதற்கும் முந்தைய தலைமுறை சொல்லி எழுதியது இருந்தால் பலம், வீசை, ஆழாக்கு, படி எல்லாம் வரும். ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம், 40 பலம் ஒரு வீசை, அதாவது 1,400 கிராம். எட்டு ஆழாக்கு ஒரு படி, ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறியது. அதனால் வீட்டில் பழைய ஆழாக்கு இருந்தால் அதில் தண்ணீர் நிரப்பி எடை பாருங்கள், காலி ஆழாக்கின் எடையைக் கழித்தால் எத்தனை கிராமோ அத்தனை மில்லி. "எட்டணாவுக்குப் பட்டை" என்று இருந்தால் விலையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். 1957-ல் நயா பைசா வந்த பிறகும் பேச்சில் அணா போகவில்லை, அதனால் எந்த வருஷத்து எட்டணா என்பதே தெரியாது. அம்மாவோ பெரியம்மாவோ இருந்தால் பட்டையைக் கொடுத்து, "இவ்வளவா?" என்று எடுத்துக் காட்டச் சொல்லி அதை எடை போடுங்கள்.

அப்புறம் பிரிப்பது. எனக்குத் தெரிந்து உபயோகமான பிரிவு ஒன்றுதான்: உங்கள் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டது தனி, இன்னும் சமைக்காதது தனி. பத்திரிகைத் துண்டு, ஸ்கிரீன்ஷாட், அனுப்பி வந்தது எல்லாம் ஒரு பெட்டியில் போகட்டும். அதிலிருந்து ஒன்றைச் சமைத்து, வீட்டில் மறுபடி கேட்டால் மட்டும் ஃபைலுக்கு வரட்டும். ஒரு வருஷம் யாரும் தொடாததைத் தைரியமாகத் தூக்கிப் போடுங்கள்.

ஃபைல் என்று சொன்னேன். கட்டிய நோட்டு வேண்டாம், நடுவில் ஒரு பக்கம் சேர்க்க முடியாது. ரிங் ஃபைலும் பிளாஸ்டிக் உறையும் போதும், ஒரு தாளுக்கு ஒரு பதார்த்தம். காலை, மதியம், இரவு என்று பிரிப்பதைவிட ராகி, சாமை, கொள்ளு, அவரை, கீரை, கறி, மீன் என்று பொருளை வைத்துப் பிரிப்பது நம் சமையலுக்கு ஒத்துவரும், ஏனென்றால் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தானே சமைக்கிறோம். முன்பக்கத்தில் ஒரு பெயர்ப் பட்டியல். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளில் ஒரே பதார்த்தத்துக்கு அம்மா ஒரு பெயரும் மாமியார் ஒரு பெயரும் சொல்வார்கள், பட்டியலில் இரண்டையும் போட்டு ஒரே பக்க எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

போன் நகலுக்கும் தேடலுக்கும். தாளைப் படமெடுத்து கூகுள் டிரைவில் ஒரே ஃபோல்டரில் போட்டு, படத்துக்குப் பதார்த்தத்தின் பெயரையே வையுங்கள். மாமியார் பேசியதைப் பதிவு செய்தால் அதை வாட்ஸ்அப்பில் மட்டும் விட்டுவைக்காமல் அங்கேயே சேருங்கள், போன் மாறும்போது காணாமல் போவது இந்த மாதிரிப் பதிவுகள்தான்.

பழைய நோட்டை லேமினேட் செய்ய வேண்டாம், செல்லோ டேப்பும் ஒட்ட வேண்டாம், பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். ஜெராக்ஸ் எடுத்துவிட்டு அசலை ஈரம் படாத இடத்தில் வையுங்கள், ராமபாணப் பூச்சி ஈரத்தைத் தேடித்தான் வரும். புதுத் தாளில் பால்பாயின்ட் பேனா, மை பேனா தண்ணீர் பட்டால் கரையும்.

மகளுக்குக் கொடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளை மட்டும் கையில் கொடுத்து அவரைச் சமைக்க விடுங்கள், நீங்கள் அடுப்பங்கரைக்கு வெளியே இருங்கள். எந்த இடத்தில் "அம்மா, இது எப்படி?" என்று குரல் வருகிறதோ அந்த வரியில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. கேள்விக்கான பதிலை அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டு, அடுத்த வாரம் அடுத்த தாளை எடுங்கள்.