படகுக்கு எந்த நாய்? முதலில் அரிசி மூட்டையைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: நான், கணவர், பத்து வயது மகள் மூவரும் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு மரினாவில் (படகுத் துறையில்) 36 அடி பாய்மரப் படகில் எட்டு மாதமாக வசிக்கிறோம். மகள் நாய் வேண்டும் என்கிறாள். கணவருக்கு கோல்டன் ரெட்ரீவர் மேல் ஆசை. “நன்றாக நீந்தும், படகுக்கு அதுதான் பொருத்தம்” என்கிறார். எனக்கோ சின்னதாக ஒரு பக் போதும் என்று தோன்றுகிறது. பள்ளி விடுமுறையில் இந்தோனேசியாவின் பாத்தாம், மலேசியாவின் தியோமான் தீவுகளுக்குப் போவோம். நாங்கள் விமானத்தில் ஊருக்குப் போகும்போது பூன் லேயில் மாமியாரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் நாயை விடலாம். யார் சொல்வது சரி?

பதில்: சகோதரி, இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

தேக்காவில் பத்து கிலோ அரிசி மூட்டை வாங்குவீர்கள் அல்லவா? அடுத்த முறை வாங்கியதும், அதை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் பிடித்தபடி உங்கள் கேபின் ஏணியில் ஏறி இறங்குங்கள். பிறகு மரினா மிதவை மேடையில் குப்புறப் படுத்து, நீர்மட்டத்திலிருந்து அந்த எடையை மேலே இழுப்பதாக நினைத்துப் பாருங்கள். வளர்ந்த கோல்டன் ரெட்ரீவர் 25 முதல் 34 கிலோ வரை இருக்கும். அடர்ந்த முடி நனைந்தால் இன்னும் கனக்கும். கணவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அது விழுந்தால் தூக்கப்போவது நீங்கள். நீந்தத் தெரிந்த நாய்க்கும் படகின் வழுவழுப்பான பக்கவாட்டில் ஏறத் தெரியாது.

என் அண்ணன் படகில் மணி என்று ஒரு நாய் இருந்தது. நன்றாக நீந்துவான். ஒரு நாள் விடியற்காலை சுமத்ரா பக்கமிருந்து வரும் திடீர்ப் புயல்காற்று அடித்து, படகு கயிற்றை இழுத்துக்கொண்டு ஆடியபோது, மேடைக்கும் படகுக்கும் நடுவே விழுந்துவிட்டான். நகத்தால் படகைக் கீறிக்கொண்டே சுற்றிச் சுற்றி நீந்தினான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. 11 கிலோதான் இருந்தான். லைஃப் ஜாக்கெட்டின் முதுகில் கைப்பிடி இருந்தது. அண்ணி ஒரே இழுப்பில் தூக்கிவிட்டார். மேடைத் தூணில் ஒட்டியிருந்த கிளிஞ்சல் முன்னங்காலை அறுத்திருந்தது. அவ்வளவோடு போயிற்று. நாய்க்கு ஆபத்து நடுக்கடலில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கட்டிப்போட்ட படகில் ஏறி இறங்கும் அந்த ஓரடி இடைவெளியும் அதே அளவு ஆபத்தானது.

பக் ஏன் கூடாது என்றால், நாய் தன் உடம்புச் சூட்டை மூச்சிரைத்துத்தான் தணிக்கும். மூக்கு சப்பையான பக், ஃபிரெஞ்சு புல்டாக் போன்றவற்றுக்கு அந்த வழியே குறுகல். நம் ஊர் நண்பகலில், காற்றில்லாத மரினாவில் கேபின் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நீச்சலும் அவற்றுக்குச் சரியாக வராது. குட்டைக்கால், நீள முதுகு கொண்ட டாக்ஸ்ஹுண்ட், கார்கி வகைகளையும் தவிருங்கள். செங்குத்தான ஏணி அவற்றின் முதுகெலும்புக்குக் கேடு.

‘படகு நாய்’ என்று தேடினால் ஷிப்பர்கே முதலில் வரும். பெல்ஜியத்துக் கால்வாய்ப் படகுகளைக் காவல் காத்த நாய். அளவு அருமையான அளவு. ஆனால் இரட்டை அடுக்குக் கறுப்பு முடியோடு நம் வெயிலில் அது படும்பாட்டை நினைத்தால் எனக்கு மனம் வரவில்லை. போர்ச்சுகீசிய நீர் நாய் மீனவர்களோடு வேலை செய்த இனம், விரலிடைத் தோல் உண்டு. ஆனால் அதற்கு வேலையும் ஓட்டமும் நிறைய வேண்டும், எடையும் 16 கிலோவுக்கு மேல். ஜாக் ரஸல் புத்திசாலி, ஆனால் ஒரு பறவையைப் பார்த்தால் தண்ணீர் என்றும் பாராமல் பாயும்.

என் தேர்வு: இரண்டு மூன்று வயதான, குட்டை முடியுள்ள, சாதுவான ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ கலப்பின நாய். எஸ்பிசிஏ (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) போன்ற காப்பகங்களில் கிடைக்கும். பல நாய்கள் 15 கிலோவைத் தாண்டிவிடும், அதனால் சிறிய உருவமாகப் பொறுமையோடு தேடுங்கள். குட்டி வேண்டாம். வளர்ந்த நாய் என்றால் எடையும் குணமும் முன்னாலேயே தெரிந்துவிடும். காப்பகத்தார் சம்மதித்தால் ஒருமுறை மரினாவுக்கு அழைத்து வாருங்கள். ஆடும் மேடையில் கால் வைத்ததும் உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டு நடுங்குகிறதா, இரண்டு நிமிடத்தில் மோப்பம் பிடிக்கத் தொடங்குகிறதா என்று பாருங்கள். மோப்பம் பிடிக்கும் நாயை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் வீட்டைப் பற்றி எழுதியது நல்லதாயிற்று. வீவக வீட்டில் ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட இனமாக இருக்க வேண்டும். கோல்டன் ரெட்ரீவர் அந்தப் பட்டியலில் இல்லை. கலப்பின நாய்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது, உயர வரம்பும் உண்டு. காப்பகத்திலேயே விவரம் கேளுங்கள். நாய் உரிமம் எப்படியும் எடுக்க வேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), செய்யாததற்கு 90. மரினா நிர்வாகத்தின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பாத்தாம், தியோமான் பயணத்துக்கு மட்டும் நாயை அழைத்துப் போகாதீர்கள். சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் கிடையாது. அதைக் காப்பதற்காகவே, வெளியே போன நாய் திரும்பி வர இறக்குமதி உரிமம், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, தனிமைக் காப்பகம் என்று நீளமான நடைமுறை இருக்கிறது. மூன்று நாள் விடுமுறைக்காக ஒரு நாயைத் தனிமைக் காப்பகத்தில் அடைப்பது பாவம். பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம், டெக் (படகின் மேல்தளம்) சூடு. புறங்கையை ஏழு விநாடி டெக்கில் வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. சுற்றுக் கம்பிகளில் வலை கட்டுங்கள். நல்ல தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும், தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.

கழிப்பிடப் பழக்கம்தான் உங்களை அதிகம் சோதிக்கும். சில நாய்கள் கரை கிடைக்கும்வரை ஒரு நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும். முன் டெக்கில் ஒரு செயற்கைப் புல் பாயைப் போடுங்கள், கழுவ வசதியாக மூலையில் கயிறு கட்டிவிடுங்கள். அதன் சிறுநீரைத் துடைத்த பழந்துணி ஒன்றைக் காப்பகத்தில் கேட்டு வாங்கி, முதல் நாள் அந்தப் பாயில் தேய்த்துவையுங்கள். முதல் முறை அங்கே போய்விட்டால் மகளை உடனே ஒரு தின்பண்டம் கொடுக்கச் சொல்லுங்கள்.