ஹியூமிக் ஆசிட் விட்டா மண்ணுல இருக்கிற ஈயம் போயிடுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் கேரட், பீட்ரூட் போடறோம், ஓரமா கொஞ்சம் தேயிலை. ஹியூமிக் ஆசிட் விட்டா மண்ணுல இருக்கிற ஈயம், காட்மியம் எல்லாம் கிளீன் ஆயிடும்னு கடையில ஒரு கேனை காட்டறாங்க, வெலையும் ஜாஸ்தி. வாங்கலாமாங்க?

பதில்: கிளீன் பண்றதுக்குன்னா வேண்டாங்க. உலோகம் எங்கயும் போகாது, ஹியூமிக் ஆசிட் (மண்ணுல மக்கின இலை தழையில இருக்கிற ஆசிட்தான்) அதை பிடிச்சு வெச்சுக்கும், வேர் உறிஞ்சறது குறையும், அவ்ளோதான். அதுலயும் ஈயம், காப்பரை கெட்டியா பிடிக்கும், காட்மியத்தை லூசாத்தான் பிடிக்கும், ஆனா கீரை, கேரட்ல சுலபமா ஏறறதே அந்த காட்மியம்தான்.

நம்ம மலையில இன்னொரு சிக்கல், மண்ணு புளிப்பு, நிறைய தோட்டத்துல பிஎச் 5 கிட்டதான் நிக்குது. அவ்ளோ புளிப்புல ஹைட்ரஜனே போய் அந்த ஆசிட்ல பிடிக்கிற இடத்தையெல்லாம் அடைச்சுக்கும், அப்புறம் உலோகம் எங்க ஒட்டும்? அதனால முதல் காசு புளிப்பை குறைக்கிற டோலமைட்டுக்கு, இல்ல சுண்ணாம்புக்கு. கேன்ல ஃபுல்விக், சிட்ரிக்னு போட்டிருந்தா இன்னும் யோசிங்க, அதெல்லாம் சின்ன ஆசிட், தண்ணியில கரைஞ்சு உலோகத்தையும் கூடவே இழுத்துட்டு போகும், சில நேரம் நேரா வேருக்கே.

கணக்கும் பாருங்க. ஒரு ஏக்கர்ல மேல் ஆறு இன்ச் மண்ணு மட்டும் சுமாரா 800, 900 டன் வரும், அதுல 2 சதவீதம் மக்கின இலை தழைன்னு வெச்சாலே 16 டன்னுக்கு மேல, உலோகத்தை பிடிக்கிற வேலையை அதுவே பண்ணிட்டுதான் இருக்கு, நீலகிரி மண்ணுல பொதுவா அதைவிட கூடவே இருக்கும். இதுக்கு நடுவுல ரெண்டு லிட்டர் கேன் என்னத்த புதுசா பிடிச்சுடப் போகுது! (வேர் வளர்ச்சிக்குன்னு வாங்கறது வேற விஷயம், அப்பவும் லேபிள்ல ஹியூமிக் எத்தனை சதவீதம்னு பார்த்து பில்லோட வாங்குங்க.)

முதல்ல மண்ணை டெஸ்டுக்கு குடுங்க. மண்வள அட்டையில 12 விஷயம் வரும், பிஎச், கரிமம், காப்பர் எல்லாம் உண்டு, ஆனா ஈயமும் காட்மியமும் கிடையாது, அதை தனியா கேட்டு லேப்ல பார்க்கணும். தேயிலைக்கு கொப்புள நோய்னு வருஷக்கணக்கா காப்பர் மருந்து அடிச்ச இடமா இருந்தா அந்த காப்பர் நம்பரை நல்லா கவனிங்க. டவுன் குப்பையில பண்ணின கம்போஸ்ட் இறக்கறதா இருந்தா ரிப்போர்ட் கேளுங்க, உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதுல கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் தாண்டக்கூடாது. ரிப்போர்ட் இல்லேன்னா லோடை திருப்பி அனுப்பிடுங்க.