வெள்ளி ஷீட்டும் வெயிலும்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: 24 மணி நேரம் சூடு நிற்கும் என்ற ஸ்டீல் ஃபிளாஸ்க்கில் இரண்டே மணி நேரத்தில் காபி ஆறிவிடுகிறது. வெளிப்பக்கமும் சுடுகிறது. "மூடியைச் சரியா மூடுங்க" என்கிறார் கடைக்காரர். (வாசகி, திண்டுக்கல்)

பதில்: மூடியில் கோளாறு இல்லை. இரண்டு சுவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய வெற்றிடத்தில் காற்று புகுந்துவிட்டது. 1892-இல் ஜேம்ஸ் டேவார் செய்த குடுவை தொடங்கி இன்றுவரை ஃபிளாஸ்க்கின் உயிரே அந்த வெற்றிடம்தான். கடையிலேயே கொதிநீர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்துத் தொட்டுக் காட்டுங்கள். கழுத்தருகே வெதுவெதுப்பு இருக்கலாம். நடுவில் சுட்டால் பழுது. மாற்றித் தந்தே ஆகவேண்டும்.

கேள்வி: மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி கறுப்பா, வெள்ளையா? (வாசகர், வேலூர்)

பதில்: வெள்ளை. பாசி பிடிக்காமலிருக்க உள் அடுக்கு கறுப்பாக உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: என் தையல் கடைக்குத் தகரக் கூரை. "97% வெப்பம் தடுக்கும்" என்று 18,000 ரூபாய்க்கு வெள்ளி ஷீட் ஒட்டி, அதை ஒட்டியே பி.வி.சி. பலகையை இறுக்கி அடித்துவிட்டார்கள். மதியம் உட்கார முடியவில்லை. (வாசகி, ஈரோடு)

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை, அம்மா. காய்ந்த தகரம் கதிர்வீச்சாகச் சூட்டைக் கீழே வீசும். உங்கள் வெள்ளி ஷீட் என்பது பளபளக்கும் அலுமினியத் தாள்தான். அது தானாக மிகக் குறைவாகவே வீசும், தன்மேல் விழுவதையும் திருப்பி அனுப்பிவிடும். அந்த 97 இதைத்தான் சொல்கிறது. ஆனால் பளபளப்பு முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி வேண்டும். இரு பக்கமும் ஒட்டிவிட்டால் சூடு கதிராக வரத் தேவையே இல்லை, தொட்டுத் தொட்டே இறங்கிவிடும். அலுமினியம் சூட்டை அவ்வளவு நன்றாகக் கடத்தும், நான்ஸ்டிக் தவாவே அதில்தானே செய்கிறார்கள்! இடைவெளி விட்டால் சட்டம் அடிக்க வேண்டும், கூலி கூடும். அதை மிச்சம் பிடிக்க, நாள் முழுக்கத் தகரத்தடியில் உட்கார்ந்து உழைப்பவர் தலையில் இப்படிக் கட்டிவிடுகிறார்கள். எத்தனை கடிதம் வந்துவிட்டது, மனது கொதிக்கிறது.

பலகையை மூன்று அங்குலம் கீழே இறக்கச் சொல்லுங்கள். தாளின் பளபளப்பு கீழே பார்க்கட்டும், அப்போதுதான் தூசி படியாது. தகரத்தின் மேல்பக்கம் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். அவர்கள் மறுத்தால் பில், விளம்பரத் தாள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்திக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: மேற்கு ஜன்னலுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். நான் ஒட்டினேன். நாலு மணிக்குக் கண்ணாடியில் கை வைக்க முடியாது. கறுப்பு ஃபிலிம் வெயிலை விழுங்கும், சூடேறிய கண்ணாடி அறைக்குள் வீசும். அம்மாவின் கட்டில் அந்த ஜன்னலோரம். இரண்டு கோடை வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டார். வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டிய பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினார். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறியுங்கள்.

கேள்வி: பாதி விலையில் செம்பு அடிப் பாத்திரம் வாங்கினேன். இரண்டு வாரத்தில் செம்பு உரிந்துவிட்டது. பில் வாங்கவில்லை. (வாசகர், கரூர்)

பதில்: அது செம்பு இல்லை, வெறும் பூச்சு. ஸ்டீலைவிடச் செம்பு ஏறக்குறைய 25 மடங்கு சூடு கடத்தும், அதனால்தான் பாத்திரத்தின் அடியில் செம்பு வைக்கிறார்கள். பில் இல்லாததால் நிரூபிப்பதுதான் கடினம்.