பழைய மேனுவல் ஜூம் லென்ஸை மிரர்லெஸ் கேமராவில் பயன்படுத்தலாமா?

தாராளமாக. லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் வளையமான அடாப்டரை மாட்டியதும் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி மெனுவில் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸே இல்லை என்று நினைத்துப் பல கேமராக்கள் படமே எடுக்காது. உண்மையான தலைவலி ஃபோகஸ்தான். உதாரணத்துக்கு 70-200 மி.மீ. ஜூம் என்றால், 200க்குப் போய், அபர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுக்கத் திறந்து, திரையைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்துவிட்டு 70க்கு வந்தாலும் ஃபோகஸ் நகராதபடிதான் பல பழைய ஜூம்களை வடிவமைத்தார்கள். ஆனால் அடாப்டரின் தடிமன் இம்மி குறைந்தாலும் 70 பக்கம் மங்கிவிடும், பழி என்னவோ லென்ஸ் மேல். அதனால் ஜூமை மாற்றினால் ஃபோகஸையும் மறுபடி பாருங்கள். அப்புறம், கேமரா பாடியிலேயே நடுக்கக் கட்டுப்பாடு இருந்தால் குவியத்தூரத்தை (70, 200 என்ற அந்த மி.மீ. எண்ணை) நீங்கள்தான் உள்ளிட வேண்டும். 70இல் எடுக்கும்போது 200 என்று கிடந்தால் படம் இன்னும் கெடும். வளையத்தைத் தள்ளி இழுத்து ஜூம் செய்யும் ரகம் என்றால் கீழே சாய்க்கும்போது தானாக வழுக்கும், விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.